யார் கைச் சோறு

எங்கள் வெட்டாற்றங்கரை ஊர்களில் ஒருவருக்கு வயிறு கெட்டால், என்ன சாப்பிட்டார் என்று யாரும் கேட்பதில்லை. யார் வீட்டில் சாப்பிட்டார் என்றுதான் கேட்பார்கள். கேட்டுவிட்டுச் சும்மா போனாலும் பரவாயில்லை. பதிலையும் அவர்களே மடியில் கட்டிக்கொண்டு வந்திருப்பார்கள்.

காயாரோகணத்துக்கு வயிறு போக ஆரம்பித்தது ஐப்பசியில். அவருக்கு ஏற்கெனவே பெரிய வியாதி ஒன்று இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் வலது பாதத்தில் கறுப்பாக ஒரு புள்ளி வந்தது. சேற்றில் இறங்குகிறவன் காலில் புள்ளிக்கு என்ன பஞ்சம்? கருவேல முள் உள்ளே நின்றிருக்கும் என்று அவரே ஊக்கால் நோண்டிப் பார்த்தார். புள்ளி காசு அளவு படர்ந்து, ஆறாமல் நீர் கசிந்தபோதுதான் தஞ்சாவூருக்குப் போனார்கள். தோலில் வருகிற புற்றுநோய் என்றார்கள். பாதத்தில் ஒரு துண்டை வெட்டி எடுத்தார்கள். அடுத்த வருஷமே தொடை இடுக்கில் எலுமிச்சங்காய் போல ஒரு கட்டி கிளம்பியது. பழைய மருந்துகள் இதற்கு அவ்வளவாகக் கேட்காது, உடம்பின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடுகிற புது ஊசி இருக்கிறது என்று சொன்னார்கள். குவைத்திலிருக்கும் மகன் சபரிநாதன் "போடுங்கப்பா, நான் பாத்துக்குறேன்" என்று ஒரே பிடியாக நின்றான். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை தஞ்சாவூர் போய்ப் படுத்துக்கொண்டு டிரிப்ஸில் ஏற்றிக்கொண்டு வருவார்.

முதல் ஊசிக்குப் பிறகு ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவதுக்குப் பிறகு ஒருநாள் குளிக்கும்போது கட்டியைத் தடவினார். இளகியிருந்தது. மறுநாளும் தடவினார். அதற்கப்புறம் அதுவே அவருக்குக் காலைக் கடமையாகிவிட்டது. எலுமிச்சங்காய் நெல்லிக்காயாயிற்று. வயல்காட்டில் யாருமில்லாத இடத்தில் நின்று, வேட்டிக்குள் கைவிட்டுப் பார்த்துவிட்டு, அவர் தனியாகச் சிரித்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அறுபது வயசில் சாகத்தான் போகிறோம் என்று முடிவுகட்டியிருந்த மனுஷனுக்கு அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

அந்த வருஷம் சம்பா நடவை அவர் மனைவி தையல்நாயகிதான் முன்னின்று பார்த்தாள். விடிந்தால் வரப்பு, பொழுது சாய்ந்தால் வீடு. அடுப்புப் பக்கம் போக நேரமில்லை. அடுத்த வீடு காயாரோகணத்தின் தம்பி தியாகேசன் வீடு. நடுவில் ஒரு கிளுவை வேலி. தியாகேசன் மனைவி கலைமகள் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். விடியற்காலையிலேயே இரண்டு வீட்டுக்கும் சேர்த்து உலை வைத்து, மூத்தாருக்கு ஒரு தூக்கில் சோறும் குழம்பும் கொண்டுவந்து வைத்து மூடிவிட்டு, அப்புறம் பள்ளிக்கூடம் போவாள். எழுபது பிள்ளைகளுக்கு ஆக்கிப் போடுகிற கை. இரண்டு பேருக்குக் கூட ஆக்குவது அவளுக்கு ஒரு வேலையே இல்லை.

எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று. பிறகு மழை வந்தது.

நட்ட பயிர் வேர் பிடிப்பதற்குள் வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. அண்ணன் வயல் தண்ணீர் தம்பி வயல் வழியாகத்தான் வடிகாலுக்குப் போகவேண்டும். "என்னுது கொஞ்சம் வடியட்டும் அண்ணி, நாளைக்கு வரப்ப வெட்டிவிடுறேன்" என்றான் தியாகேசன். நாளைக்குள் தையல்நாயகியின் பயிர் பாதி அழுகிவிட்டது. அவள் வரப்பில் நின்று போட்ட சத்தம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கேட்டது. ஆனால் மறுநாள் காலையிலும் கலைமகள் தூக்கோடு வந்தாள். அதுதான் தையல்நாயகிக்கு இடித்தது.

"சண்ட போட்ட மறாநாளே கொழம்பு கொண்டாந்து வைக்கிறாளே, அப்புடி என்னா அக்கற?" என்று, அழுகிய இடத்தில் திரும்ப நட நாற்றுமுடியைப் பிரித்துக்கொண்டே நடவுப் பெண்களிடம் கேட்டாள். 

நடவுப் பெண்களுக்கு முதுகு வளைந்திருந்தாலும் வாய் நிமிர்ந்துதானே இருக்கும். ஒருத்தி, "ஏன்க்கா, அண்ணனுக்கு வகுறு போவுதுன்னியளே, எப்பலேருந்து?" என்றாள்.

"தீவாளிக்கு முன்னாடிலேருந்து."

"கலை சோறு கொண்டார ஆரம்பிச்சது?"

தையல்நாயகி நிமிர்ந்தாள். கையிலிருந்த நாற்று அப்படியே நின்றது.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் தூக்கைத் திறந்து மிச்சமிருந்த புடலங்காய்க் கூட்டைத் தட்டில் கொட்டி விரலால் பரத்திப் பார்த்தாள். கறுப்பு கறுப்பாக என்னவோ கிடந்தது.

"என்னாங்க, இது என்னான்னு பாருங்க."

கட்டிலில் சுருண்டு படுத்திருந்த காயாரோகணம் தலையைத் தூக்கவில்லை. "வடவம்" என்றார்.

"வடவம் இம்புட்டு கருப்பாவா இருக்கும்?"

"தாளிச்சா கருக்கத்தான் செய்யும்."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். தையல்நாயகி அந்தக் கூட்டை வேலி ஓரம் கொட்டிவிட்டு, கோழி கொத்துகிறதா, கொத்தினால் சாகிறதா என்று முந்தானையை வாயில் கடித்துக்கொண்டு நின்று பார்த்தாள். கோழி நன்றாகத் தின்றுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போயிற்று.

மாதுளைத் தோலை வேகவைத்து மோரில் கலந்து கொடுத்தாள். வசம்பைச் சுட்டுத் தேனில் குழைத்துக் கொடுத்தாள். நிற்கவில்லை. காயாரோகணம் தன் பங்குக்கு மெடிக்கலில் பேதி நிற்கிற மாத்திரை வாங்கி மடியில் முடிந்து வைத்துக்கொண்டு, யாரும் பார்க்காதபோது இரண்டிரண்டாகப் போட்டுக்கொண்டார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை கொல்லைக்குப் போகிறார் என்று கேட்டால் "நாலஞ்சு" என்பார். பத்துக்கு மேல் இருக்கும். ரத்தம் கலந்து போனதை வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டு வந்தார். மூன்றாவது ஊசிக்குத் தஞ்சாவூர் போனபோது கால் தள்ளாடியது. போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

"ஆஸ்பத்திரில வகுத்தப் பத்திச் சொன்னியளா?" என்று தையல்நாயகி கேட்டாள்.

"சொன்னேன். சாப்பாட்டுல ஏதாவது இருக்கும்னாங்க" என்றார்.

இந்த ஒரு பதில் போதாதா? தையல்நாயகிக்கு டாக்டரே சாட்சி சொன்னது மாதிரி ஆகிவிட்டது.

மன்னார்குடி தாண்டி, பட்டுக்கோட்டை போகிற வழியில், தென்னந்தோப்புக்குள் துரைராசு என்று ஒருவர் இருந்தார். மருந்து எடுக்கிறவர். எங்கள் பக்கத்தில் ஒருவர் காரணம் தெரியாமல் இளைத்தாலோ, வயிற்றில் எதுவும் தங்காவிட்டாலோ, யாரோ சோற்றில் மருந்து வைத்துவிட்டார்கள் என்று பேச்சு எழும். அது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ஆளை உருக்குமாம். இலைச் சாறு கொடுத்து வாந்தி எடுக்கவைத்து அதை வெளியே கொண்டுவருவதுதான் அவர் தொழில். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் தோப்பு வாசலில் கார் நிறுத்த இடம் இருக்காது. படித்தவர்கள் கூட்டம்தான் அதிகம்.

காயாரோகணத்தை வேனில் படுக்கவைத்துக் கூட்டிக்கொண்டு போனாள். அவர் மறுத்துப் பேசவில்லை. அந்த மனுஷன் சின்ன வயசிலிருந்தே மாந்திரீகம், தாயத்து எதையும் மதிக்காதவர். அவர் வாயை மூடிக்கொண்டு வேனில் ஏறியது எனக்கு அப்போதே உறுத்தியது.

துரைராசு அவர் நாடியைப் பிடித்தார். கண்ணை இழுத்துப் பார்த்தார்.

"இருக்கு" என்றார்.

தையல்நாயகி நெஞ்சில் கை வைத்தாள்.

"நாளாச்சு. கொடல்ல வேரு வுட்டுருச்சு. சொந்தத்துலதான். தெனம் யாரு கையில சாப்புடுறீங்க?"

காயாரோகணம் தரையைப் பார்த்தார்.

"ஒங்களத்தான் கேக்குறேன் பெரியவரே. யாரு கைச் சோறு?"

தையல்நாயகிதான் சொன்னாள். "தம்பி பொண்டாட்டிங்க. கலைமகள்னு பேரு."

பச்சைச் சாறு ஒரு டம்ளர் உள்ளே போயிற்று. கொஞ்ச நேரத்தில் குடலே வெளியே வந்துவிடும்போல அவர் வாந்தி எடுத்தார். துரைராசு ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அதில் கையை விட்டு அலசினார். அவருடைய சுண்டுவிரலும் மோதிர விரலும் ஆரம்பத்திலிருந்தே மடங்கித்தான் இருந்தன. அழுகிறவர்கள் விரலையா கவனிப்பார்கள்? நெல்லிக்கொட்டை அளவில் ஒரு உருண்டை தட்டில் விழுந்தது. அதில் நாலு மயிர் சுற்றியிருந்தது.

"பாத்துக்குங்க தாயி" என்றார்.

தையல்நாயகி பார்த்தாள். காயாரோகணமும் பார்த்தார். பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து இறங்கியதும் அவள் நேரே வேலியோரம் போனாள்.

"அடியே கலை! வெளில வாடி!"

கலைமகள் ஈரக்கையோடு வந்தாள். "என்னாக்கா? மாமாவுக்கு எப்புடி இருக்கு?"

"மாமாவா? நீ வச்சத வெளில எடுத்துட்டு வந்துருக்கேன். கண்ணால பாத்தேன்டி. மசுரும் மண்ணுமா. எங்க ரெண்டு மா நெலத்துக்கு ஆசப்பட்டாடி இந்த வேல பாத்த?"

"என்னாக்கா சொல்றீங்க? நான் என்னா வச்சேன்?"

"எழுவது புள்ளைங்களுக்கு ஆக்கிப் போடுற கையாடி அது? இனிமே தூக்கத் தூக்கிக்கிட்டு இந்த வாசல் பக்கம் வந்த, காலு இருக்காது."

வேலிக்கு மேலாகத் தெரிந்த திண்ணையில் காயாரோகணம் உட்கார்ந்திருந்தார். கலைமகள் அவரைப் பார்த்தாள்.

"மாமா, நீங்க சொல்லுங்க. நான் அப்புடிச் செய்வனா?"

காயாரோகணம் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அடுத்த வாரமே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கையில் சோற்று டப்பாக்கள் முளைத்தன. எழுபது தட்டில் பாதிதான் வரிசைக்கு வந்தது. ஒரு பையன் முட்டை வாங்கிக்கொண்டு, "எங்கம்மா சோறு வாங்கக்கூடாதுன்னுச்சு, முட்டைக்கு தோலு இருக்குல்ல, அது பரவால்லன்னுச்சு" என்று அவள் முகத்துக்கு நேரே சொன்னானாம். தலைமை ஆசிரியர் ஜாஃபர் சாதிக் நல்ல மனுஷர். தினமும் பிள்ளைகள் முன்னால் உட்கார்ந்து ஒரு தட்டு சாப்பிட்டுக் காட்டினார். "எழுத்துல யாராவது புகார் குடுத்துட்டா என் கையில ஒண்ணும் இல்லம்மா" என்று அவளைத் தனியாகக் கூப்பிட்டும் சொன்னார். மிஞ்சிய சோற்றைக் கொட்டும்போது அவள் அழுதாள் என்று ஆயா சொன்னாள். பொய் சொல்லமாட்டாள் அந்த ஆயா.

கார்த்திகை மாதத்தில் ஒரு காலை, தூறல். தையல்நாயகி உரம் போடும் ஆட்களோடு வயலில் இருந்தாள். கலைமகள் பள்ளிக்கூடம் கிளம்பும்போது வேலிக்கு அந்தப் பக்கம் வாளி உருளும் சத்தம் கேட்டது. நின்றாள். முனகல் கேட்டது. அந்த வாசலுக்குப் போனால் கால் இருக்காது என்று சொல்லப்பட்டவள்தான். கிளுவையைப் பிரித்துக்கொண்டு உள்ளே போனாள்.

கக்கூஸ் வாசலில் காயாரோகணம் குப்புறக் கிடந்தார். வேட்டி முழுக்க ரத்தமும் சீதமும். வயிறு பானை மாதிரி உப்பியிருந்தது. கலைமகள் அவரை மடியில் தூக்கிப் போட்டுக்கொண்டு புருஷனைக் கூப்பிட்டாள். பெற்ற தகப்பனுக்குச் செய்கிற மாதிரி கழுவி, துடைத்து, தன் பழைய புடவையைச் சுற்றினாள். தியாகேசன் வாடகைக்கார் பிடித்து வந்தான். வழியில் வயலோரம் நிறுத்தித் தையல்நாயகியை ஏற்றிக்கொண்டார்கள். அவள் சேற்றுக்காலோடு ஏறினாள். கலைமகள் மடியில் புருஷன் தலை இருப்பதைப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுக் குடலைப் பார்த்தார்கள். டாக்டர் மோகனப்பிரியா வெளியே வந்து மூன்று பேரையும் நிற்கவைத்துச் சொன்னார்.

"குடல் முழுக்கப் புண்ணா இருக்கு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா ஓட்டை விழுந்திருக்கும்."

"சோத்துல ஏதாவது..." என்று தையல்நாயகி இழுத்தாள்.

"சாப்பாட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. இது அந்த ஊசியோட வேலை. ஒடம்புல நோயோட சண்டை போடுற அணுக்களுக்கு ஒரு கடிவாளம் உண்டு. ஊசி அந்தக் கடிவாளத்தை அவுத்து விடுது. அது கட்டியப் போயி அடிக்குது. சில பேருக்கு அது அங்க நிக்காம, சொந்தக் குடலையே எதிரின்னு நெனச்சு அடிச்சிடும். சீக்கிரம் வந்திருந்தா மாத்திரையிலயே அடக்கியிருக்கலாம். ஏன் இவ்வளவு நாள் விட்டீங்க?"

"அப்ப அந்த மசுரு உருண்ட?" என்றாள் தையல்நாயகி.

"எந்த உருண்டை?"

கலைமகள் கையிலிருந்த பிளாஸ்டிக் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதில் அவருடைய அழுக்கு வேட்டி இருந்தது.

வார்டுக்குள் ஸ்டீராய்டு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. ஊசி போடும் பிரிவில் இருக்கும் நர்ஸ் சுடர்விழி தகவல் கேட்டு ஓடிவந்தாள். சின்னப் பெண். கோபத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது.

"என்ன ஐயா இது? முதல் ஊசி அன்னைக்கே படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல? வயித்தால போனா அன்னைக்கே போன் பண்ணணும், சுயமா மாத்திரை போடக்கூடாதுன்னு? போன தடவையும் கேட்டேனே. வயிறு எப்படி இருக்குன்னு கேட்டதுக்கு, கல்லு மாதிரி இருக்குன்னு சிரிச்சீங்களே!"

தையல்நாயகி புருஷனைப் பார்த்தாள். "சொன்னேன்னியளே? சாப்பாடுன்னு சொன்னாங்கன்னியளே?"

காயாரோகணத்தின் உதடு காய்ந்திருந்தது. கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "சொன்னா ஊசிய நிறுத்திருவாங்க. பக்கத்து பெட்டுல இருந்தவருக்கு நிறுத்துனாங்க. கட்டி கரையுது தையலு. தெனம் தொட்டுப் பாத்தேன். கரையுது."

"அப்ப ஊசியாலதான்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

அவர் கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் போனது. தெரியும் என்பதற்கு அதைவிட வேறென்ன சொல்லவேண்டும்?

கலைமகள் கட்டில் காலடியில் நின்றிருந்தாள். அவள் சத்தம் போடுவாள் என்று தியாகேசன் பயந்தான். அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். குழாயடியில் வேட்டியைக் கசக்கி, அலசி, மூன்று தண்ணீர் விட்டுப் பிழிந்து, ஜன்னல் கம்பியில் காயப்போட்டாள். பிறகு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டாள். மறுநாள் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு உலை வைக்கவேண்டியிருந்தது.

ஊசியை நிறுத்திவிட்டார்கள். ஆனால் நிறுத்தினாலும் அவிழ்த்துவிட்ட அணுக்கள் கட்டிமேல் கொஞ்சகாலம் வேலை செய்யலாம், பார்ப்போம் என்று டாக்டர் சொன்னார். காயாரோகணம் மார்கழியில் வீடு திரும்பினார். மாத்திரையால் முகம் உப்பி, கை கால் குச்சியாக, பார்க்கவே ஒரு மாதிரி இருந்தார்.

தையல்நாயகி அன்று மாலையே வேலி தாண்டிப் போய்க் கலைமகள் காலில் விழப்போனாள். கலைமகள் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். "விடுங்கக்கா. நீங்க தெரியாம சொன்னீங்க" என்றாள். தையல்நாயகி ஓவென்று அழுதாள். கலைமகள் அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்து, முகம் கழுவச் சொல்லி அனுப்பினாள். ஆனால் 'தெரியாம' என்ற அந்த வார்த்தை வேலியைத் தாண்டி வந்து காயாரோகணத்தின் காதில் விழுந்துவிட்டது.

அவர் முதலில் ஊருக்குச் சொன்னார். டீக்கடையில் சொன்னார், நடவுப் பெண்களிடம் சொன்னார். தடியை ஊன்றிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நின்று, பிள்ளைகளை விட வந்த தாய்மார்களிடம் சொன்னார். "ஊசியால வந்துது. எனக்குத் தெரியும். நான்தான் வாய மூடிக்கிட்டு இருந்தேன். எந் தம்பி பொண்டாட்டி கையில ஒரு குத்தமும் இல்ல." கேட்டவர்கள் தலையாட்டினார்கள். "குடும்ப மானத்துக்காகப் பெரியவர் பூசி மெழுகுறார்" என்று பின்னால் பேசினார்கள். பொய்யை ஒரே நாளில் நம்பிய ஊர், நிஜத்துக்கு வாய்தா கேட்டது. சோற்று டப்பாக்கள் மெல்ல மெல்லக் குறைந்தன. இரண்டு வீட்டுப் பிள்ளைகள் இன்றைக்கும் கொண்டுவருகிறார்கள்.

தை பிறந்து அறுவடை மிஷின் இறங்கியது. அழுகியது போக மிஞ்சிய பயிர் மோசமில்லை. ஊரெல்லாம் வைக்கோல் தூசி. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தையல்நாயகி களத்துக்குப் போயிருந்தாள். காயாரோகணம் வேலியைச் சுற்றிக்கொண்டு, தெரு வழியாகவே போய்த் தம்பி வீட்டு வாசலில் நின்றார்.

கலைமகள் முறத்தில் பயறு புடைத்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"ஒங்க தம்பி களத்துக்குப் போயிருக்காங்க மாமா."

"தம்பியப் பாக்க வரல." தடியைச் சாத்திவிட்டு நின்றார். "பசிக்குதும்மா. ஒரு வாய் சோறு குடு."

முறம் நின்றது.

"அன்னைக்கு தோப்புல தட்டுல காட்டுனப்பவும் ஒங்களுக்குத் தெரியுந்தானே மாமா?"

"தெரியும்."

"வேலியில நின்னு ஒங்களக் கேட்டேனே. அப்பவும்?"

"அப்பவும் தெரியும்."

"அப்பறம் ஏன் மாமா?"

"உசுரு மேல ஆச வந்துருச்சு கலை. உண்மையச் சொன்னா ஊசி போயிரும். நீ கெட்ட பேரோட இருந்தா நான் உசுரோட இருக்கலாம்னு தோணிப்போச்சு. வேற என்னா சொல்ல? அவ்வளவுதான்."

கலைமகள் பயறிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கி வாசலில் எறிந்தாள்.

"சோறு இருக்கு" என்றாள். "ரசம் இருக்கு, மொளகு கம்மியாத்தான் போட்டுருக்கேன். ஆனா நான் போட மாட்டேன். நீங்களே போட்டுக்குங்க."

காயாரோகணம் பிறந்ததிலிருந்து தன் கையால் சோறு போட்டுச் சாப்பிட்டதில்லை. முதலில் அம்மா போட்டாள், பிறகு தையல்நாயகி, பிறகு இவள். எங்கள் பக்கத்து ஆண்கள் அதில் ராஜபரம்பரை. அவர் தயங்கித் தயங்கி அடுக்களைக்குள் போனார். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. எதையோ திறந்தார், மூடினார், வேறெதையோ திறந்தார்.

"தட்டு எங்கம்மா?"

கலைமகள் பதில் சொல்லவில்லை. புடைக்கவும் இல்லை. காதை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் அவரே கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். ரசம் தட்டிலிருந்து வழிந்து வேட்டியில் கோலம் போட்டிருந்தது. வாசற்படிக்கு உள்ளே தரையில் உட்கார்ந்து, சோற்றைக் குழையப் பிசைந்து, ஒவ்வொரு வாயாகச் சாப்பிட்டார். அழுதுகொண்டேதான் சாப்பிட்டார், துடைத்துக்கொள்ளவில்லை. அவள் எழுந்து எதிரே நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பரிமாறுகிறவள் நிற்கிற இடத்தில் நிற்காமல், சற்றுத் தள்ளி நின்றாள்.

தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை. அவரே கிணற்றடிக்குக் கொண்டுபோய்க் கழுவி எடுத்துவந்தார்.

"நாளைக்கும் வரலாமாம்மா?"

கலைமகள் முறத்தைக் கையில் எடுத்தாள்.

"வாங்க. அதான் தட்டு இருக்குற எடம் தெரிஞ்சுபோச்சே."